வயித்தால போனாலே அமீபாவா? அட்டையைக் கிழிக்கும் முன் கொஞ்சம் நில்லுங்க

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கிளியனூரில் இறங்கி, சாயங்காலம் ஏதாவது ஒரு மெடிக்கல் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். உப்பளத்துக்குப் போய் வந்தவர், பாண்டிச்சேரியில் வேலை முடிந்து பைக்கில் திரும்புகிறவர், காலேஜ் பையன் என்று யாராவது ஒருத்தர் வருவார்.

"அண்ணே, ரெண்டு நாளா வயித்தால போகுது. ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

"பெரியவங்களுக்கா, சின்னப் பசங்களுக்கா?"

கேள்வி அவ்வளவுதான். அட்டையிலிருந்து நாலு மாத்திரை கத்தரித்துத் தரப்படும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர்கூடப் பாதிதான் இருக்கும்.

கிளியனூரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மரக்காணத்திலும் இதே கதைதான், சென்னை வேளச்சேரியிலும் இதே கதைதான். அந்தத் துண்டில் பெரும்பாலும் இருப்பது ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, அல்லது நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்தது. முதல் பாதி பாக்டீரியாவுக்கு, இரண்டாம் பாதி அமீபாவுக்கு. எது வந்திருக்கிறது என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்து அடித்துவிடுவோம் என்பதுதான் இதில் உள்ள யோசனை.

அமீபா மருந்துகள் மோசமான மருந்துகள் இல்லை. சரியான ஆளுக்கு, சரியான அளவில் போனால் உயிரையே காப்பாற்றும். நம்மூரில் நடப்பது தலைகீழ். தேவையில்லாதவர்கள் அடிக்கடி விழுங்குகிறார்கள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு மருந்தும் சாப்பிட்டால்தான் சிகிச்சை முடியும் என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

முதலில், அது அமீபாதானா?

திடீரென்று தண்ணி மாதிரி போகிறது, லேசான காய்ச்சல், வாந்தி. இப்படி வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை வைரஸாலோ சில பாக்டீரியாவாலோ கெட்டுப்போன சாப்பாட்டாலோ வருபவை. இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். மாத்திரை போட்ட மறுநாள் நின்றதென்றால் பல நேரம் அது மாத்திரையின் சாமர்த்தியம் இல்லை, நிற்க வேண்டிய நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மனசில் பதிவதென்னவோ "அந்த மாத்திரை போட்டேன், கேட்டுச்சு" என்பதுதான். அடுத்த தடவை பெயர் சொல்லியே வாங்குகிறோம்.

அமீபா சீதபேதியின் நடை வேறு. மெதுவாக, சில நாட்கள் அல்லது வாரக்கணக்கில் வளரும். அடிவயிற்றில் முறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் ரத்தமும் கலந்து போகும். பலருக்குக் காய்ச்சலே இருக்காது.

ரத்தம் போனாலே அமீபா என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஷிகெல்லா என்ற பாக்டீரியாவும் ரத்தபேதியைக் கொண்டுவரும், குழந்தைகளுக்கு முக்கியமாக அதுதான். ஐந்து வயதுக்குள்ளான குழந்தைக்கு ரத்தபேதி என்றால் முதலில் ஷிகெல்லாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களை விழுங்கிய அமீபாவைக் கண்ணால் பார்த்தாலோ, ஷிகெல்லாவுக்கான இரண்டு மருந்துகள் கொடுத்தும் கேட்காவிட்டாலோதான் அமீபா மருந்துக்குப் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மெட்ரோனிடசோல் சிரப்பை எடுத்து ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பது இந்த வரிசையையே கவிழ்த்துவிடும். ஷிகெல்லாவுக்கு மெட்ரோனிடசோல் வேலை செய்யாது.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கேரளத்தில் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது நெய்க்லீரியா, முற்றிலும் வேறு உயிரி. அதற்கான சிகிச்சையும் வேறு, ஆஸ்பத்திரியில் மட்டுமே முடியும். வயிற்று அமீபா மூக்கு வழியாக வருவதில்லை. மலம் கலந்த தண்ணீர், சாப்பாடு, கழுவாத கை இவற்றின் வழியாகத்தான் வருகிறது.

ரிப்போர்ட்டில் 'ஹிஸ்டோலிடிகா' என்று வந்தால்?

சிலர் ஒழுங்காக மலப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ரிப்போர்ட்டில் "என்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் காணப்பட்டது" என்ற வரியைப் பார்த்ததும் கலங்கிவிடுகிறார்கள். சிஸ்ட் என்பது அமீபா ஒரு கெட்டியான கூட்டுக்குள் உறங்கும் வடிவம்.

ஹிஸ்டோலிடிகாவுக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. பெயர் டிஸ்பார். மைக்ரோஸ்கோப்பில் சிஸ்ட்டை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. ஹிஸ்டோலிடிகா குடல் சுவரைத் துளைக்கும். டிஸ்பார் அங்கே சும்மா குடியிருந்துவிட்டுப் போகும், மருந்தே வேண்டாம். இப்படி இரண்டு இனம் இருக்கும் என்று எமில் புரூம்ப் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1925-லேயே சொன்னார். பல பத்தாண்டுகள் யாரும் நம்பவில்லை. 1993-ல்தான் இரண்டும் முறைப்படி பிரிக்கப்பட்டன.

இதில் நம்ம ஊர்ப்பக்கத்து ஆய்வு ஒன்று இருக்கிறது. கிளியனூரிலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மரில், சுபாஷ் சந்திர பாரிஜாவும் கிருஷ்ணா கைர்னாரும் மல மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதாரணப் பரிசோதனையில் ஒரே மாதிரி தெரிந்த அமீபாக்களில் டிஸ்பார்தான் அதிகம். நோய் தரும் ஹிஸ்டோலிடிகா அதைவிடக் குறைவு. அச்சு அசலாக அதே உருவத்தில் மோஷ்கோவ்ஸ்கி என்ற மூன்றாவது ஒன்றும் இருந்தது. நம்ம பக்கத்து மக்களின் வயிற்றில் கண்டதே இது. 'சிஸ்ட் இருக்கு' என்று வரும் ரிப்போர்ட்டை வைத்து மட்டும் உங்களுக்கு அமீபா நோய் என்று முடிவு செய்ய முடியாது.

1997-ல் மெக்சிகோ நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் இதையேதான் சொன்னார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் மலத்தில் சிஸ்ட் தெரிந்தது என்பதற்காக மட்டும் மருந்து தர வேண்டாம். ஹிஸ்டோலிடிகாதான் என்று உறுதியானால், தொந்தரவு இல்லாவிட்டாலும் கட்டாயம் தர வேண்டும். உறுதி செய்ய ஆன்டிஜென் சோதனையும் பி.சி.ஆர். சோதனையும் இருக்கின்றன. சின்ன ஊர் லேபில் இவை கிடைப்பது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்ப்பது முக்கியம். தொந்தரவு என்ன, எத்தனை நாள், ரத்தம் போகிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார்.

மாதிரி கொடுப்பதிலும் ஒரு விஷயம். உயிரோடு ஊர்ந்து செல்லும் அமீபாவைப் பார்க்க வேண்டுமென்றால் மாதிரி அரை மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். காலையில் டப்பாவில் எடுத்து வைத்து, மத்தியானம் போகிற வழியில் கொடுத்தால் அதற்குள் அமீபா செத்து அடையாளம் தெரியாமல் போயிருக்கும். முடிந்தால் லேபிலேயே கொடுங்கள்.

ஒரு மருந்து போதாது

உண்மையான அமீபா என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல் எல்லாம் ஒரே குடும்பம். குடல் சுவருக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் புகுந்த அமீபாவைக் கொல்வதில் இவை கெட்டி. மெட்ரோனிடசோலை அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் கட்டிக்கும் கொடுக்கலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு 1966-ல் காட்டியது. அதற்கு முன் எமிட்டின் ஊசிதான் முக்கிய மருந்து. 1912-ல் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அதை அமீபாவுக்குப் பயன்படுத்திக் காட்டினார். நன்றாகக் கேட்கும், ஆனால் இதயத்தைப் பதம் பார்க்கும். அந்த ஊசியிலிருந்து நம்மை விடுவித்தது மெட்ரோனிடசோல்தான்.

ஆனால் இந்தக் குடும்ப மாத்திரைகள் குடலின் மேல்பகுதியிலேயே ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலின் உட்குழியில் கூட்டுக்குள் கிடக்கும் சிஸ்ட்டுகளிடம் போதுமான மருந்து போய்ச் சேராது. இந்த மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேரின் குடலில் அமீபா தொடர்ந்து இருக்கிறது. பேதி நின்றிருக்கும், காய்ச்சல் போயிருக்கும், ஆள் தெம்பாக வேலைக்கும் போய்க்கொண்டிருப்பார். ஆனால் நோய் அவருக்குத் திரும்பி வரலாம். அதே வீட்டில் சமைக்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் பரவலாம்.

அதற்காகத்தான் இரண்டாவது மருந்து. குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் டைலாக்சனைடு ஃபுரோயேட் அல்லது பாரோமோமைசின். டைலாக்சனைடு என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான கணக்கு 500 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள். பெரிய பக்கவிளைவு இல்லை. கேஸ் பிரியும், கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். பாரோமோமைசின் உடல் எடைக்கேற்ப ஏழு நாள் தரப்படும்.

கடையில் கத்தரித்துத் தரும் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் துண்டில் இந்த இரண்டாவது வேலையைச் செய்கிற மருந்தே கிடையாது. ஆக, வைரஸ் பேதிக்காரருக்கு அது வீண், அமீபாக்காரருக்கு அரைகுறை. மெட்ரோனிடசோலோடு டைலாக்சனைடைச் சேர்த்த மாத்திரைகளும் விற்பனையில் உண்டு. இரண்டு நாளில் பேதி நின்றதும் தூக்கிப் போட்டால் அதனாலும் பிரயோஜனம் இல்லை. "அமீபான்னு சொன்னீங்களே டாக்டர், சிஸ்ட்டுக்குத் தனியா மாத்திரை வேணுமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பேதியே இல்லாமல் வரும் அமீபா

தவறவிடவே கூடாத ஒன்று கல்லீரல் கட்டி. அமீபா குடலிலிருந்து ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியாகும். காய்ச்சல், குளிர், வலது விலா எலும்புக்குக் கீழே வலி. மூச்சை இழுத்தால் வலி கூடும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் பேதியே இருக்காது. அதனால் 'சாதா காய்ச்சல்' என்று நாட்கள் ஓடிவிடும்.

பெண்களைவிட ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம், அதுவும் உழைக்கிற வயதில். யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை ஆராய்ந்தபோது, அநேகமாக எல்லோருமே ஆண்கள், பெரும்பாலோர் கள் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். கட்டியிலிருந்தது ஹிஸ்டோலிடிகாதான் என்பதை மரபணுச் சோதனை உறுதி செய்தது. பனையும் உழைப்பும் இருக்கிற நம்ம கடலோரத்துக்கு இந்தப் படம் ரொம்ப அந்நியமானதல்ல.

வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினால் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் ஜிப்மரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சரியான சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். பெரிய கட்டி என்றால் ஊசி வழியாகச் சீழை எடுக்க வேண்டிவரலாம். இதற்குப் பிறகும் சிஸ்ட்டுக்கான இரண்டாவது மருந்து உண்டு.

மாத்திரை சாப்பிடும்போது

மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி வரும், குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாங்கலாம். சிறுநீர் பழுப்பாகப் போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கை கால் மரத்துப்போவது, குத்துகிற மாதிரி இருப்பது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஏதாவது வந்தால் பயப்படத்தான் வேண்டும். உடனே மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மொத்த அளவு 42 கிராமைத் தாண்டும்போது நரம்புப் பாதிப்பின் ஆபத்து கூடுகிறது. 400 மி.கி. மாத்திரைக் கணக்கில் 105 மாத்திரை. ஒரு முறை டாக்டர் எழுதிச் சாப்பிடுவது இந்த அளவுக்குள்தான் நிற்கும். சொந்தமாகவே வாங்கி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து மாதக்கணக்கில் இழுப்பவர்கள்தான் அந்தக் கோட்டை நெருங்குகிறார்கள்.

இதயத்துக்காக வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மெட்ரோனிடசோல் சேரும்போது அந்த மருந்தின் வீரியம் ஏறி, உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பேதி மாத்திரை வாங்கப் போகும்போது அவர்களுடைய மற்ற மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சொந்தமாக வாங்கவே கூடாது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: "சரக்கு அடிக்கலாமா?" மருந்துச் சீட்டில் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. மருந்து முடிந்து மூன்று நாள் வரைக்கும் வேண்டாம். 2002-ல் பின்லாந்தில் 12 ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த சோதனையில், சொல்லப்படுகிற அளவுக்குப் பயங்கர எதிர்வினை எதுவும் வரவில்லை. அதனால் டாக்டர்களிடையே இதில் விவாதம் உண்டு. ஆனால் பேதியில் ஏற்கெனவே நீர் வற்றிக் கிடக்கும் உடம்பு இது, கல்லீரலும் சம்பந்தப்பட்ட நோய் இது. பத்து நாள் தள்ளிப் போடுவதில் என்ன நஷ்டம்?

ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது பேதியை 'நிறுத்துகிற' லோபராமைடைத் தொடாதீர்கள். வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கி நிலைமையை மோசமாக்கும்.

பச்சை நாக்கு சொன்ன கதை

"பேதி மாத்திரைதானே, என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்கள் ஜப்பானைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கிளியோகுயினால் என்பது அமீபாவுக்கென வந்த பழைய மருந்து. எண்டரோ-வயோஃபார்ம், மெக்ஸாஃபார்ம் என்ற பெயர்களில் நம் நாட்டிலும் வீட்டுக்கு வீடு புழங்கியது. ஜப்பானில் சாதாரண வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் அதை நாள்கணக்கில், மாதக்கணக்கில் கொடுத்தார்கள். கால்கள் மரத்து, நடை போய், சிலருக்குப் பார்வையும் போயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் 10,000-க்கும் மேல். ஏதோ ஒரு வைரஸ் பரவுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதனால் வயிற்றுத் தொந்தரவுக்கு அதே மாத்திரையையே தொடர்ந்தார்கள்.

சில நோயாளிகளின் நாக்கும் சிறுநீரும் பச்சையாக இருந்தன. அந்தப் பச்சையை ஆராய்ந்தபோது, அது உடம்பில் இரும்போடு சேர்ந்த கிளியோகுயினால் என்று தெரிந்தது. 1970 செப்டம்பரில் ஜப்பான் விற்பனையை நிறுத்தியது. புது நோயாளிகள் வருவதும் சட்டென்று நின்றது. மற்ற நாடுகளில் அது பிறகும் பல வருஷம் விற்றுக்கொண்டிருந்தது.

இன்றைய மருந்துகள் அவ்வளவு ஆபத்தானவை இல்லை. ஆனால் பழக்கம் அதேதான்: என்ன நோய் என்று தெரியாமல், எவ்வளவு நாள் என்று கணக்கில்லாமல்.

உப்புத் தண்ணிதான் முதல் மருந்து

மரக்காணம் பாத்திகளில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவருக்குப் பேதி வந்தால், அமீபாவைவிட அவசரமான ஆபத்து உடம்பிலிருந்து போகும் தண்ணியும் உப்பும்தான். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு, வெயிலின் தாக்கத்தோடு அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் காட்டியிருக்கிறது. அதன் மேல் மூன்று நாள் பேதியும் சேர்ந்தால் நினைத்துப் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் அளவு தப்பிவிடும். 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கலாம், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகவே கேட்டு வாங்கலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் போடுங்கள்.

கடைக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. மெட்ரோனிடசோலும் அதன் உறவுகளும் டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்தான் அவரிடம் வருகிறார். வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருந்தால், டைலாக்சனைடு கையிருப்பில் இருந்தால், ஜிப்மர் இருபது வருஷம் முன்பே காட்டிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டிஜென் சோதனை தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தால், அந்த நாலு மாத்திரைத் துண்டுக்குப் பாதித் தேவை இருக்காது. சுகாதாரத் துறை செய்ய வேண்டியது இது. உப்பளங்களில் கழிப்பறையும், குடிக்கவும் கை கழுவவும் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டியது அதற்கும் முந்தின வேலை. அமீபாவின் சிஸ்ட் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரினுக்குச் சாகாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். சானிடைசரை நம்ப முடியாது, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும்.